கட்டியவர்களும் பத்திரம் வைத்திருப்பவர்களும்

பதினேழு ஆண்டுகளாக நான் ஞாயிறு திருப்பலிக்குச் சென்றுவந்த கத்தோலிக்கப் பங்கு ஆலயம், அதாவது ஒரு குருவின் பொறுப்பில் உள்ள ஊர்ச்சபையின் ஆலயம், மூடப்படும் என்று அறிவிக்கப்பட்ட நாளில், திருப்பலி முடிந்தபின் ஆலயத்தின் கீழ்த்தளக் கூடத்தில் ஒரு கூட்டம் நடந்தது. அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலம் ஒன்றில், பழைய நூற்பாலைகளுக்குப் பின்புறம் இருக்கும் சிறிய ஆலயம் அது. ஆயரின் ஆளுகைக்கு உட்பட்ட பங்குகளின் தொகுதியான மறைமாவட்டத்திலிருந்து வந்திருந்த அருள்தந்தை, திருப்பலிக்கு வருவோரின் எண்ணிக்கையையும் கொதிகலனைப் பழுதுபார்க்க ஆகும் செலவையும் பொறுமையாக விளக்கினார். அவர் பேசி முடித்ததும் எண்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி எழுந்து நின்றார். இந்தக் கோயிலைத் தம் பாட்டனார் காலத்து ஆலைத் தொழிலாளர்கள் வாரக் கூலியில் சிறிது சிறிதாகப் பிடித்துக் கொடுத்துக் கட்டினார்கள் என்றும், அதை மூடும் உரிமை ஆயருக்கு எங்கிருந்து வந்தது என்றும் கேட்டார். அருள்தந்தை தணிந்த குரலில், பத்திரம் ஆயர் பெயரில் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அந்த வாரமே மாவட்டப் பத்திரப்பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் எங்கள் ஆலயத்தின் பத்திரத்தைத் தேடி எடுத்தேன். இங்கே பல மாவட்டங்களில் நூறு ஆண்டுகளுக்கு முந்தைய பத்திரங்களைக்கூட வீட்டிலிருந்தபடியே பார்க்க முடியும். கையால் எழுதப்பட்ட ஒன்றரைப் பக்கம். "ஒரு டாலரும் மதிப்புள்ள பிற பிரதிபலன்களும்" பெற்றுக்கொண்டு நிலம் ஆயருக்கும் அவருக்குப்பின் அப்பதவிக்கு வருவோர்க்கும் உரிமையாகிறது என்று அதில் இருந்தது. கூலியில் பிடித்துக் கொடுத்தவர்களைப் பற்றியோ பங்கைப் பற்றியோ ஒரு சொல்லும் அதில் இல்லை. தேவாலயத்தைக் கோயில் என்றே சொல்லிப் பழகிய ஊரிலிருந்து வந்தவன் நான். கோயில் யாருடையது என்ற கேள்விக்கு ஒரு காகிதம் இவ்வளவு சுருக்கமாக விடைசொல்லிவிடும் என்பதை என் மனம் ஏற்கவில்லை. அதனால் இந்த நாட்டின் நீதிமன்றங்கள் இந்தக் கேள்வியை எவ்வாறு கையாண்டிருக்கின்றன என்று சில வாரங்கள் தொடர்ந்து படித்தேன். படித்ததில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

பாஸ்டன் நகருக்குத் தெற்கே கடலோரத்தில் உள்ள சிட்சுவேட் என்னும் ஊரிலிருந்துதான் தொடங்க வேண்டும். 2002இல் பாஸ்டன் உயர்மறைமாவட்டத்தில் குருக்கள் சிறாரிடம் செய்த பாலியல் கொடுமைகள் வெளிப்பட்டன. 2003இல் 550க்கும் மேற்பட்ட பாதிக்கப்பட்டோருக்கு 8.5 கோடி டாலர் வழங்க உயர்மறைமாவட்டம் உடன்பட்டது. அடுத்த ஆண்டு, பேராயர் ஷான் ஓமாலி அறுபதுக்கும் மேற்பட்ட பங்குகளை மூடும் திட்டத்தை அறிவித்தார். இழப்பீட்டுக்காக மூடவில்லை, மக்களும் குருக்களும் குறைந்துவிட்டதும் கட்டடங்கள் பழுதடைந்ததுமே காரணம் என்று உயர்மறைமாவட்டம் கூறியது. இரண்டு அறிவிப்புகளும் இவ்வளவு அடுத்தடுத்து வந்ததால் பங்கு மக்களில் பலர் அதை நம்பவில்லை. சிட்சுவேட்டின் புனித பிரான்செஸ் சேவியர் கப்ரினி ஆலயம் 2004 அக்டோபர் இறுதியில் மூடப்பட வேண்டியிருந்தது. மக்கள் அதனுள் நுழைந்து அமர்ந்துகொண்டார்கள்.

அவர்கள் அங்கிருந்து வெளியேறியது 2016 மே மாத இறுதியில். பதினொன்றரை ஆண்டுகள், இரவும் பகலும், ஒரு மணி நேரம்கூட ஆலயத்தை ஆளில்லாமல் விடாமல் முறைவைத்துக் காவல் இருந்தார்கள். ஒரு நிமிடம் காலியாக இருந்தாலும் பூட்டை மாற்றிவிடுவார்கள் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்தது. வேலைக்குப் போகிறவர்கள் இரவிலும், ஓய்வுபெற்றவர்கள் பகலிலும் வந்தார்கள்; பனிப்புயல் நாள்களுக்கும் கிறிஸ்துமஸ் இரவுக்கும் பெயர்ப்பட்டியல் இருந்தது. குரு இல்லாததால் திருப்பலி இல்லை. ஞாயிறுதோறும் குருக்கள் அல்லாத பொதுநிலையினரே வழிபாட்டை நடத்தினார்கள். வத்திக்கானுக்கு முறையீடு செய்தார்கள். திருச்சபையின் உச்ச நீதிமன்றமான அப்போஸ்தலிக்க சிக்னத்தூரா வரை அது சென்றது, அங்கும் அவர்களுக்குச் சாதகமாக எதுவும் கிடைக்கவில்லை. அதன் பிறகே உயர்மறைமாவட்டம் அரசின் நீதிமன்றத்துக்குச் சென்றது. 2015 மே மாதம் மாநில உயர்நிலை விசாரணை நீதிமன்றம், ஆலயத்துள் இருப்பவர்கள் அத்துமீறி நுழைந்தவர்களே என்று தீர்ப்பளித்தது. அந்த ஆண்டு அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2016 மே 16 அன்று வாஷிங்டனில் உள்ள உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது. மே 29 அன்று கடைசி வழிபாட்டை நடத்திவிட்டு மக்கள் வெளியே வந்தார்கள்.

அத்துமீறி நுழைந்தவர்கள் என்ற சொல்லைப் படித்தபோது எனக்குச் சினம் வந்தது. கட்டுவதற்கும் பராமரிப்பதற்கும் பணம் கொடுத்து, தம் குழந்தைகளுக்கு அங்கேயே ஞானஸ்நானம் கொடுத்தவர்களை எந்தச் சட்டம் அந்நியராக்கும் என்று நினைத்தேன். ஆனால் தீர்ப்பின் தருக்கத்தைத் தொடர்ந்து பார்த்தால், நீதிபதிக்கு வேறு வழி குறைவாகவே இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. மாசசூசெட்ஸ் மாநிலச் சட்டமன்றம் 1897இல் ஒரு சிறப்புச் சட்டத்தின் மூலம் பாஸ்டன் பேராயர் பதவியையே ஒரு சட்டபூர்வ நிறுவனமாக ஆக்கியது. ஒரே ஓர் ஆளை மட்டும் உறுப்பினராகக் கொண்ட நிறுவனம் அது. பேராயர் இறந்தாலும் மாறினாலும் நிறுவனம் இறப்பதில்லை, அடுத்து வருபவர் அதுவாகிவிடுகிறார். இதை ஒற்றையாள் கழகம் என்று சொல்லலாம். மறைமாவட்டத்துப் பங்கு ஆலயங்களின் நிலமும் கட்டடமும் இந்தக் கழகத்தின் பெயரில் இருக்கின்றன. அரசின் சட்டத்தைப் பொறுத்தவரை பங்கு என்பதற்குத் தனி இருப்பே கிடையாது. இல்லாத ஒன்று எப்படிச் சொத்துரிமை கோர முடியும்?

2007இல் இதே மாநிலத்தின் உச்ச நீதித்துறை மன்றம் வெல்லஸ்லி ஊரின் ஒரு பங்கு தொடர்பான வழக்கில் இன்னும் கடினமான ஒன்றைச் சொன்னது. ஆலயத்துக்கு நிலம் அளித்த குடும்பத்தைச் சேர்ந்தவர், ஆலயம் நடக்கும் என்ற நம்பிக்கையில்தானே நிலம் கொடுக்கப்பட்டது என்று வாதிட்டார். பத்திரத்தில் அப்படி ஒரு நிபந்தனை எழுதப்படவில்லை. குருவுக்கும் பங்கு மக்களுக்கும் இடையிலான ஆன்மிக உறவு மட்டுமே சட்டத்தின் பார்வையில் ஒரு நம்பிக்கைப் பொறுப்பை, அதாவது மற்றவர் நலனுக்காகவே நடந்துகொள்ள வேண்டிய கடமையை, உருவாக்கிவிடாது என்று நீதிமன்றம் முடிவு செய்தது. அந்தத் தீர்ப்பை நான் இரண்டு முறை படித்தேன். பத்திரத்தில் எழுதாமல் விட்ட ஒரு வரி, பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்தக் குடும்பத்தினரின் வழக்கைத் தோற்கடிக்கிறது.

ஆயர்கள் பெயரில் பத்திரம் வந்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. அதை அறியாமல் ஆயர்களைப் பேராசைக்காரர்கள் என்று பேசுவது நேர்மையாகாது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இந்த நாட்டின் கத்தோலிக்க ஆலயங்கள் பலவும் பொதுநிலைப் பொறுப்பாளர்கள் பெயரிலேயே இருந்தன. சுற்றியிருந்த புராட்டஸ்டன்ட் சபைகளுக்காக வகுக்கப்பட்ட சட்டங்கள் அதற்குத்தான் இடமளித்தன. பொறுப்பாளர்கள் தமக்குப் பிடித்த குருவை வைத்துக்கொள்ளவும் பிடிக்காதவரைச் சம்பளம் நிறுத்தி வெளியேற்றவும் முற்பட்டார்கள். பிலடெல்பியாவின் புனித மரியா ஆலயத்தில் வில்லியம் ஹோகன் என்ற குருவுக்கும் ஆயர் ஹென்றி கான்வெலுக்கும் இடையே எழுந்த பிணக்கு, 1822இல் பொறுப்பாளர் தேர்தல் நாளன்று ஆலய வாசலில் அடிதடியாக முடிந்தது. 1829இல் பால்டிமோரில் கூடிய ஆயர்களின் முதல் மாநிலச் சங்கம், இயன்ற இடங்களில் எல்லாம் பத்திரத்தை ஆயருக்கு எழுதிக் கொடுத்த பின்பே புதிய ஆலயம் கட்டப்பட வேண்டும் என்று விதித்தது. எங்கள் ஆலைத் தொழிலாளர்களின் ஒன்றரைப் பக்கப் பத்திரத்துக்கு வேர் அந்த விதியில்தான் இருக்கிறது.

அரசும் இதில் தலையிட்டிருக்கிறது. பஃபலோ நகரின் புனித லூயிஸ் ஆலயத்தில் பொறுப்பாளர்களுக்கும் ஆயருக்கும் நடந்த நீண்ட பூசலின் தொடர்ச்சியாக, நியூயார்க் மாநிலம் 1855இல் ஆயர்கள் தம் பெயரில் ஆலயச் சொத்து வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டத்தை இயற்றியது. வெளிநாட்டிலிருந்து வந்த கத்தோலிக்கர்கள்மீது கடும் வெறுப்பு நிலவிய காலம் அது. 1863இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டு, வேறு ஒரு வழி கண்டறியப்பட்டது. ஒவ்வொரு பங்கும் தனிக் கழகமாகும். ஆயர், அவருடைய முதன்மைக் குரு, பங்குத்தந்தை, இரண்டு பொதுநிலையினர் என ஐவர் அதன் நிர்வாகிகள். 1911இல் உரோமை அமெரிக்க ஆயர்களுக்கு அனுப்பிய மடலில் இந்த நியூயார்க் முறையையே சிறந்ததாகப் பரிந்துரைத்தது. ஆயர் தம் சொந்தப் பெயரில் சொத்து வைத்திருக்கும் முறை ஒழிய வேண்டும் என்றும் சொன்னது. ஐவரில் மூவர் குருநிலையினர் என்பதால் ஆயரின் கை அங்கும் ஓங்கியே இருக்கிறது. ஆனாலும் அரசின் சட்டத்தில் பங்குக்கு ஒரு பெயராவது இருக்கிறது.

பத்திரம் மக்களிடமே தங்கிவிட்ட ஓர் அரிய இடம் மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் இருக்கிறது. 1880இல் போலந்திலிருந்து குடியேறியவர்கள் அங்கே புனித ஸ்தனிஸ்லாஸ் கோஸ்த்கா பங்கைத் தொடங்கினார்கள். 1891இல் பேராயர் பீட்டர் கென்ரிக், ஆலயத்தின் சொத்தைப் பங்கு மக்களின் கழகம் ஒன்றுக்கு எழுதிக் கொடுத்தார். அதன்படி பொதுநிலையினர் குழு சொத்தைப் பார்த்துக்கொள்ளும், பேராயர் குருவை அனுப்புவார். இந்த ஏற்பாடு நூறு ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. சுற்றியிருந்த பகுதி வறுமையில் சரிந்தபோதும் அந்தச் சமூகம் தன் ஆலயத்தை விட்டுவிடவில்லை. மில்லியன் கணக்கில் மதிப்புள்ள சொத்தையும் சேமிப்பையும் கட்டிக்காத்தது. 2004இல் பேராயராக வந்த ரேமண்ட் பர்க், மற்ற பங்குகளைப் போல இதுவும் உயர்மறைமாவட்டத்தின் நிர்வாக அமைப்புக்குள் வர வேண்டும் என்றார். குழு மறுத்தது. அந்த ஆண்டு ஆகஸ்டில் குருக்களைத் திரும்ப அழைத்துக்கொண்டார்.

ஓராண்டுக்கும் மேலாகக் குரு இல்லாமல் இருந்த மக்கள், 2005 டிசம்பரில் வேறொரு மறைமாவட்டத்தைச் சேர்ந்த மரேக் போஜெக் என்ற இளம் போலந்துக் குருவைத் தாமே அழைத்து வந்தார்கள். கிறிஸ்துமஸ் இரவுத் திருப்பலிக்குக் கூட்டம் ஆலயம் கொள்ளாமல் திரண்டது. பேராயர், குருவும் குழு உறுப்பினர்களும் திருச்சபையைப் பிளந்த குற்றத்தால் தம்மைத்தாமே திருச்சபைக்குப் புறம்பாக்கிக்கொண்டார்கள் என்று அறிவித்தார், பங்கையும் கலைத்தார். 2008இல் உயர்மறைமாவட்டம் வழக்குத் தொடுத்தது. பேராயரின் அதிகாரத்தைக் குறைக்கும்படி கழகத்தின் விதிகளைக் குழு திருத்தியது செல்லாது என்பது அதன் வாதம். 2012 மார்ச்சில் நகர நீதிபதி பிரையன் ஹெட்டன்பாக் பங்குக் கழகத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். ஆன்மாக்களின் மீது பேராயருக்கு என்ன அதிகாரம் இருந்தாலும், சொத்து கழகத்துக்கே உரியது என்பதே அதன் சாரம். மறு ஆண்டு ஒரு சமரசம் ஏற்பட்டது: உயர்மறைமாவட்டம் மேல்முறையீட்டைக் கைவிட்டது, அந்த ஆலயம் இனித் தன்னை உரோமன் கத்தோலிக்க ஆலயம் என்று சொல்லிக்கொள்வதில்லை என்று ஒப்புக்கொண்டது.

இந்த வழக்கைப் படிக்கும்போது நான் முழு மனத்துடன் மக்கள் பக்கமே நின்றேன். ஆனால் அந்தச் சமரசத்தின் கடைசி வரியைப் படித்ததும் என்னால் மகிழ முடியவில்லை. சிட்சுவேட் மக்கள் கட்டடத்தை இழந்தார்கள், தாங்கள் கத்தோலிக்கர் என்ற பெயரை இழக்கவில்லை. செயின்ட் லூயிஸ் மக்கள் கட்டடத்தை வைத்துக்கொண்டு பெயரை இழந்தார்கள். எந்தக் கத்தோலிக்கரையும் இப்படி ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்குத் தள்ளியிருக்கக் கூடாது.

ஏன் நீதிமன்றங்கள் பத்திரத்தைத் தாண்டிப் பார்ப்பதில்லை? இதற்கான விடை கத்தோலிக்கரிடமிருந்து பிறக்கவில்லை, பிரெஸ்பிட்டேரியன் என்னும் புராட்டஸ்டன்ட் சபையினரின் சண்டைகளிலிருந்து பிறந்தது. உள்நாட்டுப் போரையொட்டிக் கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில், வால்நட் தெரு பிரெஸ்பிட்டேரியன் ஆலயம் அடிமைமுறைப் பிரச்சினையால் இரண்டாகப் பிளந்தது. அடிமைமுறையைக் கடவுள் ஏற்படுத்தினார் என்று நம்பியவர்கள் மனந்திரும்பினால்தான் சபையில் சேர்த்துக்கொள்ளப்படுவார்கள் என்று அவர்களின் பொதுப்பேரவை 1865இல் ஆணையிட்டிருந்தது. ஆலயம் எந்தத் தரப்புக்கு என்ற வழக்கு 1872இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. இங்கிலாந்தின் நீதிமன்றங்கள் இத்தகைய வழக்குகளில், மூலக் கோட்பாட்டிலிருந்து விலகாதவர் யார் என்று ஆராய்ந்து அவர்களுக்குச் சொத்தைக் கொடுத்துவந்தன. நீதிபதி சாமுவேல் மில்லர் அந்த வழியை மறுத்தார். இந்த நாட்டின் சட்டத்துக்கு எது திரிபுக் கொள்கை என்று தெரியாது, எந்தக் கோட்பாட்டையும் தாங்கிப்பிடிப்பது அதன் வேலையல்ல என்று எழுதினார். மேலிருந்து கீழாக ஆளப்படும் சபையில் உச்ச அமைப்பின் முடிவையும், ஒவ்வொரு சபையும் தானே ஆண்டுகொள்ளும் இடத்தில் பெரும்பான்மையின் முடிவையும் நீதிமன்றம் ஏற்கும் என்பது அவர் வகுத்த வழி.

நூறு ஆண்டுகளுக்குப் பின் ஜார்ஜியா மாநிலத்தில் அதே சபையினரிடையே மீண்டும் வழக்குகள் எழுந்தன. சவான்னா நகரின் இரண்டு ஆலயங்கள் பற்றிய வழக்கில், தலைமைச் சபை மூலக் கோட்பாட்டிலிருந்து விலகிவிட்டதா என்ற கேள்வியை ஜூரிகளிடமே விட்டிருந்தார்கள். 1969இல் உச்ச நீதிமன்றம் அது அரசியல் சாசனத்துக்கு முரண் என்றது. பின்னர் மேக்கன் நகரின் வைன்வில் ஆலயம். 1973இல் அங்கே 164 பேர் பிரிந்து போகவும் 94 பேர் இருக்கவும் வாக்களித்தார்கள். இந்த வழக்கில் 1979இல் உச்ச நீதிமன்றம், ஐவருக்கு நால்வர் என்ற மிகக் குறுகிய பெரும்பான்மையில், மாநில நீதிமன்றங்கள் நடுநிலைக் கொள்கைகள் என்ற முறையைக் கையாளலாம் என்று அனுமதித்தது. பத்திரம், கழகத்தின் சாசனம், மாநிலச் சட்டம், சபையின் விதிநூல் ஆகியவற்றை வேறெந்த ஆவணத்தையும் படிப்பதுபோல் படித்து, சொத்து யாருடையது என்று முடிவு செய்வதே அந்த முறை. எழுதிய நீதிபதி ஹாரி பிளாக்மன், சபைகள் தம் விருப்பத்தைப் பூசல் வருவதற்கு முன்பே எழுதிவைத்துக்கொள்ளலாம், அதற்குப் பெரிய சுமை ஒன்றும் இல்லை என்றார்.

அந்த ஆலோசனையை உடனே கேட்டவர்கள் மேலிருப்பவர்கள். தீர்ப்பு ஜூலையில் வந்தது. செப்டம்பரில் டென்வர் நகரில் கூடிய எபிஸ்கோப்பல் சபையின் (அமெரிக்க ஆங்கிலிக்கன் சபை) பொதுப்பேரவை, ஒவ்வொரு பங்கின் சொத்தும் முழுச் சபைக்காகவும் மறைமாவட்டத்துக்காகவும் பொறுப்பாக வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு விதியை நிறைவேற்றியது. அதை வரைந்தவரின் பெயரால் அது டென்னிஸ் விதி என்று வழங்கப்படுகிறது. எங்கோ ஒரு மண்டபத்தில் கையுயர்த்தி நிறைவேற்றிய விதி, இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஓர் ஊரின் பத்திரத்தை மாற்றிவிடுமா? 2003க்குப் பின் தன்பாலீர்ப்பாளரான ஜீன் ராபின்சன் ஆயரானதை ஏற்க முடியாத பங்குகள் அந்தச் சபையை விட்டு விலகியபோது, இந்தக் கேள்விக்கு மாநிலத்துக்கு மாநிலம் வேறு விடை கிடைத்தது. கலிபோர்னியாவிலும் வர்ஜீனியாவிலும் விலகியவர்கள் சொத்தை இழந்தார்கள், டெக்சாசின் ஃபோர்ட் வொர்த்தில் வென்றார்கள். தென் கரோலினாவின் உச்ச நீதிமன்றம் 2017இல் ஐந்து நீதிபதிகளும் ஐந்து தனித் தீர்ப்புகளை எழுதுமளவுக்குக் குழம்பியது. 2022 ஏப்ரலில் அதே நீதிமன்றம் ஒவ்வொரு பங்கின் ஆவணங்களையும் தனித்தனியே பார்த்து, 14 பங்குகள் சொத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றது. ஆகஸ்டில் மறுபரிசீலனை செய்து அவற்றில் ஆறு தம் ஆலயங்களை வைத்துக்கொள்ளலாம் என்றது. நான்கு மாதத்துக்குள் ஆறு ஊர்களின் மக்கள் தம் கோயிலை இழந்து, திரும்பவும் பெற்றார்கள்.

இவற்றையெல்லாம் படித்தபின் நீதிமன்றங்களின் மேல் எனக்கு இருந்த சினம் தணிந்தது. எது உண்மையான விசுவாசம் என்று அரசு தீர்மானிப்பதைவிட, பத்திரத்தைப் பார்த்துத் தீர்மானிப்பது எவ்வளவோ மேல். எனக்குத் தணியாத மனக்குறை திருச்சபையின் உள்ளேதான் இருக்கிறது. அதற்குக் காரணம் ஸ்போக்கேன்.

வாஷிங்டன் மாநிலத்தின் ஸ்போக்கேன் மறைமாவட்டம், பாலியல் கொடுமை வழக்குகளின் சுமையால் 2004 டிசம்பரில் திவால் மனு தாக்கல் செய்தது. அதே ஆண்டு ஜூலையில் ஓரிகான் மாநிலத்தின் போர்ட்லேண்ட் உயர்மறைமாவட்டம் முதன்முதலாக அந்த வழியில் சென்றிருந்தது. திவால் என்றால், கடனாளியின் சொத்து எது என்று கணக்கிட வேண்டும். பாதிக்கப்பட்டோரின் வழக்கறிஞர்கள், பங்கு ஆலயங்களும் பள்ளிகளும் ஆயரின் ஒற்றையாள் கழகத்தின் பெயரில்தானே இருக்கின்றன, அவற்றையும் சேர்த்துக் கணக்கிடுங்கள் என்றார்கள். அப்போது ஆயர் தரப்பு சொன்ன விடை: பத்திரம் ஆயர் பெயரில் இருந்தாலும் சொத்து பங்குகளுக்கே உரியது, ஆயர் அவற்றுக்காக அதை வைத்திருக்கும் பொறுப்பாளர் மட்டுமே, திருச்சபைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. 2005 ஆகஸ்டில் திவால் நீதிபதி பட்ரீசியா வில்லியம்ஸ் அதை ஏற்கவில்லை. அரசின் சட்டத்தின்கீழ் ஒரு வடிவத்தைத் தேர்ந்து அதன் நன்மைகளைப் பெற்றவர்கள், கடனைத் தீர்க்க வேண்டிய வேளையில் அதிலிருந்து விலக முடியாது என்பது அவர் தீர்ப்பின் போக்கு. அடுத்த ஆண்டு மேல்நிலை நீதிபதி ஜஸ்டின் குவாக்கன்புஷ் அதை மாற்றினார். 2007இல் 4.8 கோடி டாலர் சமரசத்தில் வழக்கு முடிந்தது.

ஸ்போக்கேன் ஆயர் சொன்னது பொய் என்று நான் கருதவில்லை. திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 515ஆம் பிரிவு பங்குக்குச் சட்ட ஆளுமை, அதாவது சட்டத்தின் கண்ணில் தனி ஆள் என்ற நிலை, உண்டு என்கிறது. 1256ஆம் பிரிவு, சொத்து அதை முறையாக ஈட்டிய சட்ட ஆளுக்கே உரியது என்கிறது. அவர் சொன்னதே திருச்சபையின் போதனை. அப்படியானால் அதே 2004ஆம் ஆண்டு பாஸ்டனில் மூடப்பட்ட பங்குகளின் மக்களுக்கும் அதே விடைதானே சொல்லப்பட்டிருக்க வேண்டும்? கடன்காரர் கேட்கும்போது பங்கின் சொத்து, பங்கு மக்கள் கேட்கும்போது ஆயரின் சொத்து என்றால், இரண்டு இடத்திலும் தோற்பவர்கள் பலமற்றவர்களே: ஓரிடத்தில் சிறுவயதில் சிதைக்கப்பட்டவர்கள், மற்றோரிடத்தில் கட்டிய கோயிலில் அத்துமீறியவர்கள் ஆனவர்கள். சொன்னவர்கள் இரு வேறு ஆயர்கள் என்பதும், இரு மாநிலங்களின் சட்டங்கள் வேறு என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் திருச்சபை ஒன்றே என்றுதான் நாங்கள் ஞாயிறுதோறும் அறிக்கையிடுகிறோம். 2006இல் உரோமையின் தலைமைத் துறைகளில் ஒன்றான குருக்களுக்கான பேராயத்தின் தலைவர் கர்தினால் கஸ்த்ரியோன் ஓயோஸ், அமெரிக்க ஆயர் பேரவைக்கு ஒரு மடல் எழுதினார். பங்குகளை மூடும்போது அவற்றின் சொத்து மறைமாவட்டத்துக்குச் சென்றுவிடக் கூடாது, மக்கள் எந்தப் பங்கில் சேர்க்கப்படுகிறார்களோ அங்கே மக்களோடு செல்ல வேண்டும் என்பது அதன் கருத்து. மடலைப் பெற்ற பேரவைத் தலைவர், ஸ்போக்கேன் ஆயர் வில்லியம் ஸ்கைல்ஸ்டாட்.

எனக்கு நம்பிக்கை தந்த ஒரே நிகழ்வு ஒஹையோ மாநிலத்தின் கிளீவ்லேண்டில் நடந்தது. பாஸ்டனில் பங்குகளை மூடும் பணியை முன்நின்று நடத்திய ஆயர் ரிச்சர்ட் லென்னன் அங்கே ஆயரான பிறகு ஐம்பதுக்குக் குறையாத பங்குகள் மூடவோ இணைக்கவோ பட்டன. மக்கள் அரசின் நீதிமன்றத்தை நம்பாமல், திருச்சபைச் சட்டத்தைத் தாமே படித்து உரோமைக்கு முறையிட்டார்கள். போலந்து வம்சத்தினரின் புனித கசிமிர் ஆலயம் 2009 நவம்பரில் பூட்டப்பட்டபின், அதன் மக்கள் ஒவ்வொரு ஞாயிறும் வேலிக்கு வெளியே நடைபாதையில் கூடிச் செபித்தார்கள். 2012 மார்ச்சில் குருக்களுக்கான பேராயம், முறை பின்பற்றப்படவில்லை என்று 13 பங்குகளை மூடிய ஆணைகளை நீக்கியது. ஆயர் மேல்முறையீடு செய்யவில்லை. அந்த ஜூலையில் கசிமிர் மக்கள் நடைபாதையிலிருந்து உள்ளே சென்றார்கள். அடுத்த ஆண்டு அதே பேராயம் வெளியிட்ட வழிகாட்டுதல், குருக்கள் பற்றாக்குறையும் மறைமாவட்டத்தின் பொதுத் திட்டமும் ஓர் ஆலயத்தை வழிபாட்டுப் பயனிலிருந்து நீக்கத் தம்மளவில் போதுமான காரணங்கள் ஆகா என்று தெளிவுபடுத்தியது.

இதைப் படித்த இரவே கூட்டத்தில் எழுந்து கேட்ட அந்தப் பெண்மணியைத் தொலைபேசியில் அழைத்தேன். ஆயரின் ஆணையை எதிர்த்து முறையிட விரும்புபவர், ஆணை அறிவிக்கப்பட்ட பத்து நாள்களுக்குள் ஆயரிடமே அதைத் திரும்பப் பெறும்படி எழுத்தில் கேட்க வேண்டும் என்று 1734ஆம் பிரிவு சொல்கிறது. அன்று நாங்கள் எண்ணிப் பார்த்தபோது இருபத்து மூன்று நாள்கள் கடந்திருந்தன. கூட்டத்தில் கொதிகலனைப் பற்றிச் சொன்னார்கள், திருப்பலி நேரங்கள் எப்படி மாறும் என்று சொன்னார்கள். பத்து நாள் கெடுவைப் பற்றி யாரும் சொல்லவில்லை. உரிமையைப் பற்றி அறியாதவருக்குக் கெடு ஓடுவதில்லை என்று அதே சட்டத்தொகுப்பின் 201ஆம் பிரிவில் இருப்பதைக் காட்டி, மறுநாளே கடிதம் எழுதினோம். அவர் சமையலறை மேசையில் பத்திரத்தின் நகலை விரித்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்தையும் என்னை இரண்டு முறை படிக்கச் சொன்னார். தம் பாட்டனாரின் பெயரைக் கடிதத்தில் எங்காவது சேர்க்க முடியுமா என்று கேட்டார். சேர்த்தோம்.

காலம் கடந்துவிட்டது என்று மறைமாவட்டத்திலிருந்து ஒரு பத்தியில் விடை வந்தது. அந்த விடைக்கு எதிராக உரோமைக்கு முறையிடப் பதினைந்து நாள் அவகாசம் உண்டு. ஒன்பதாம் நாள் இருவரும் அஞ்சலகத்துக்குச் சென்றோம். பதிவுத் தபாலின் ரசீதை அவர் தம் செபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டார்.